பெயரில் ஆறு எழுத்து

ஓய்வுபெறும் ஆசிரியர்களுக்கு வாழ்த்துப்பா எழுதித் தரச் சொல்லி என்னிடம் அடிக்கடி வருவார்கள். பெயரின் எழுத்துக்கள் வரிக்கொன்றாக முதலில் வர வேண்டும், அதுதான் நிபந்தனை. நானும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்றுகூட கவிதையாக வந்ததில்லை. அதனால், சுவிற்சர்லாந்தின் முதுபெரும் வாத்தியக்குழு நெறியாளர் போல் ஸாஹரின் 70 வயது நிறைவுக்காக 1976 மே மாதம் சூரிச்சில் நடந்த கௌரவிப்புக் கச்சேரியைப் பற்றி அறிந்தபோது எனக்கு முதலில் சந்தேகம்தான் வந்தது.

செலோ மேதை றொஸ்ரோபோவிச் 12 இசையமைப்பாளர்களிடம் தனிச் செலோவுக்கென ஆளுக்கோர் உருப்படி கேட்டார். ஸாஹரின் பெயரே ஆதாரம். ஐரோப்பியர் சுரங்களை எழுத்தால் குறிப்பவர்கள். அந்தப் பெயரில் ஏ, சீ, ஈ மூன்றும் அப்படியே சுரங்கள். ஈ ஃபிளட்டை 'எஸ்' என்றும் பீ சுரத்தை 'ஹெச்' என்றும் சொல்வது ஜெர்மன் வழக்கம். மிச்சமிருந்த ஆர் எழுத்துக்கு 'ரே', அதாவது டீ. ஆக ஆறு எழுத்து, ஆறு சுரம்.

இது சும்மா எழுத்து விளையாட்டுத்தானே? அதோடு ஸாஹர் மருந்துக் கம்பனிக் குடும்பமொன்றில் மணம் முடித்த பெரும் செல்வந்தர். காசு கொடுத்தவருக்குப் பாடிய புகழ் என்று சொல்லிவிடவும் இடமுண்டு.

ஒன்றி டுத்தியோவின் உருப்படியைக் கேட்டுப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. அவர் செலோவின் கீழ்த் தந்திகள் இரண்டையும் வழமையான சுருதியிலிருந்து இறக்கிவிடுகிறார். வாத்தியத்தின் குரலே கம்மிப்போய், இரவில் யாரோ தனியாகப் பேசுவது போல் கேட்கிறது. ஆறு சுரங்களும் வருகின்றன, மறைகின்றன. முடியும் தறுவாயில், மிக மெல்லிய ஓசையில், பேலா பார்டோக்கின் இசையொன்று எட்டிப் பார்க்கிறது. தந்தி வாத்தியங்களுக்கும் தாள வாத்தியங்களுக்கும் செலெஸ்டாவுக்குமாக பார்டோக் 1936இல் எழுதியது அது. எழுதச் சொன்னவர் ஸாஹர். 20 வயதில் தான் தொடங்கிய பாஸல் வாத்தியக்குழுவின் பத்தாண்டு நிறைவுக்கென்று கேட்டு வாங்கி, 1937இல் தானே அரங்கேற்றினார்.

மனிதரை டுத்தியோ புகழவில்லை. அவரால் உலகத்துக்குக் கிடைத்த ஒன்றைத் தொட்டுக் காட்டுகிறார், அவ்வளவுதான்.

பியர் பூலெஸ் வேறு வழி போனார். அவரது உருப்படி தனிச் செலோவுக்குள் அடங்காமல் ஏழு செலோவாக வளர்ந்தது. பெயரின் மோர்ஸ் தந்திக் குறியீட்டிலிருந்தே தாளமும் எடுத்தார். அந்த வேகமும் கட்டமைப்பும் அசரவைக்கின்றன. ஆனால் அந்தச் சூறாவளியில் ஸாஹர் எங்கேயோ தொலைந்துவிடுகிறார். சாதனை பூலெஸுடையது. கௌரவிப்பு என்று பார்த்தால் டுத்தியோவே என் தெரிவு. பின்னர் அவர் அதற்கு இன்னும் இரண்டு பகுதிகள் சேர்த்து 1982இல் நிறைவாக்கினார். விழா முடிந்த பிறகும் வேலை முடியவில்லை. அதுவல்லவா மரியாதை?

இனி யாராவது வாழ்த்துப்பா கேட்டு வந்தால், பெயரைக் கேட்க முதல், "அவர் என்ன செய்தவர்?" என்று கேட்பதாக இருக்கிறேன்.