கப்பலோடு முடிகிற உதவி

வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று இலங்கை 2022 ஏப்ரல் 12இல் அறிவித்தது. அந்த மாதம் 29ஆம் தேதியே, அந்நாட்டு மக்களுக்கு உதவ ஒன்றிய அரசின் அனுமதி கேட்டுத் தமிழகச் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. 40,000 டன் அரிசி, 137 வகை மருந்துகள், 500 டன் பால்மாவு என மொத்த மதிப்பு 123 கோடி ரூபாய். 2025 நவம்பரில் டிட்வா புயல் இலங்கையின் மலையகத்தில் மண்சரிவுகளை ஏற்படுத்தி, உதவியின் தேவையை மீண்டும் எழுப்பிய பிறகு, 2022 உதவியின் நிறைகுறைகளை எடைபோடுவது இன்னும் அவசியமாகிறது.

முதல் நிறை, வேகம். மே 18இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'டான் பின் 99' கப்பல் 9,000 டன் அரிசியோடு புறப்பட்டது. ஜூனில் தூத்துக்குடியிலிருந்து அடுத்த கப்பல். இரண்டாவது, பொருள்களின் தேர்வு. டாலர் தீர்ந்த நாட்டில் இறக்குமதியை நம்பிய மருந்தும் பால்மாவும்தான் முதலில் மறைந்தன. 2021இல் இரசாயன உரத்துக்கு விதித்த தடையால் நெல் விளைச்சலும் சரிந்திருந்தது. மூன்றாவதுதான் ஆகப் பெரியது: தமிழருக்கு மட்டும் என்று பிரிக்காமல் எல்லா மக்களுக்கும் அனுப்பியது. போர் பிளந்த நாட்டில் பசிக்கு இனம் பார்க்காதது அறம் மட்டுமல்ல, விவேகமும்கூட.

குறைகள் துறைமுகத்துக்கு அப்பால் தொடங்குகின்றன. எத்தனை டன் ஏற்றினோம் என்பது ஊரறிந்த கணக்கு. எந்தத் தேயிலைத் தோட்டத்து லயன் வரிசை வீட்டுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது அதே தெளிவோடு மக்கள் முன் வைக்கப்படவில்லை. சொந்த நிலமும் வீட்டுப் பத்திரமும் இல்லாமல் தோட்ட நிர்வாகத்தின் நிழலில் வாழ்கிற மலையகத் தொழிலாளி, எந்தப் பயனாளிப் பட்டியலிலும் எளிதாக விடுபட்டுப் போகக்கூடியவர். அரசு கேட்டுக்கொண்டபோது தமிழகப் பொதுமக்களும் நிதி கொடுத்தார்கள். அவர்களுக்கு அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை உண்டு.

இன்னும் ஆழமான குறை, நிவாரணத்துக்கும் மீட்புக்கும் நடுவே விழுந்த இடைவெளி. நெசவூரான நம் ஆர்.கே.பேட்டையில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கொரோனா ஊரடங்கில் இங்கும் அம்மையார்குப்பத்திலும் விசைத்தறிகள் நின்றபோது ரேஷன் அரிசி உயிரைக் காத்தது. ஆனால் நூலும் ஆர்டரும் வந்து தறி ஓடிய பிறகுதான் நெசவாளி கடனிலிருந்து தலைதூக்க முடிந்தது. இலங்கையிலும் அப்படித்தான். அரிசி சில வாரப் பசியைத் தீர்க்கும். அடுத்த போகத்துக்கு விதையும் உரமும், மீனவருக்கு மண்ணெண்ணெயும் வலையும் வேண்டும்.

வெளியுறவு ஒன்றிய அரசின் அதிகாரம் என்பதால் மாநிலத்தால் எல்லாவற்றையும் செய்துவிட முடியாது என்பது நியாயமே. தில்லி ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்குக் கடனும் உதவியும் தந்தது; அதில் யூரியாவும் இருந்தது. பன்னாட்டு நாணய நிதியம் 2023 மார்ச்சில் சுமார் 300 கோடி டாலர் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. இவை அரசின் கஜானாவை நிமிர்த்தின. ஆனால் கஜானா நிமிர்ந்த வேகத்தில் குடும்பங்கள் நிமிரவில்லை. குடும்பம் நிமிராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2022இல் இலங்கையிலிருந்து படகேறித் தனுஷ்கோடி வந்தவர்களே சாட்சி. நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாம், அப்படி வருகிறவர்களின் காத்திருப்பு எத்தனை தலைமுறை நீளும் என்பதைக் காட்டுகிறது.

எனவே 2022 உதவி பாராட்டத்தக்கது, ஆனால் பாதியில் நின்றது. அடுத்த முறை நிதி திரட்டும்போதே அதில் ஒரு பங்கைத் தொழில் மீட்புக்கென ஒதுக்க வேண்டும். ஒன்றிய அரசிடம் அதற்கும் சேர்த்தே அனுமதி கேட்க வேண்டும். பொருள் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்ற அறிக்கையைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். கொடுத்த மனம் பெரிது. அந்த மனத்துக்கு ஈடான நிர்வாகத்தையும் நாம் கேட்டுப் பெறுவோம்.