தோன்றா எழுவாய்

எந்தப் பத்திரிகையை நம்பலாம் என்னும் கேள்வி இலங்கைத் தமிழ் வாசகனுக்குப் புதியதன்று. வெள்ளவத்தை காலி வீதியிலுள்ள கடைகளில் வீரகேசரியும் தினகரனும் பக்கம் பக்கமாகத் தொங்குகின்றன. அவற்றை வாங்க வருபவன் கையிலிருக்கும் தொலைபேசியிலோ, அவை அச்சேறுவதற்கு முன்பே, உறவினரும் அயலவரும் அனுப்பிய நூறு செய்திகள் வந்து குவிந்துவிடுகின்றன. இந்நிலையில் இரண்டு விடைகள் எளிதாகக் கிடைக்கின்றன. ‘எல்லாம் பொய்’ என்பது ஒன்று. ‘நம்மவர் சொல்வதே மெய்’ என்பது மற்றொன்று. முன்னது அறிவாளியின் அலுப்பு. பின்னது இனத்தின் பெயரால் வரும் சோம்பல். இரண்டுமே வாசகனை வாசிக்கும் பொறுப்பிலிருந்து விடுவித்துவிடுகின்றன.

செய்தியும் ஓர் உரைநடைதான். ஒரு சிறுகதையில் ஆசிரியன் எதைச் சொன்னான், எதை ஒளித்தான், யார் கண்ணால் உலகைப் பார்த்தான் என்று துருவித் துருவி ஆராயும் நாம், நாள்தோறும் கோடிச் சொற்களாய் நம்மீது பொழியும் செய்தி உரைநடையைத் திறனாய்வுக்கு அப்பாற்பட்டதாக விட்டுவிடுவது ஏன்? நம்பத்தகுந்த செய்தி எது என்பதைப் பத்திரிகையின் பெயர் கொண்டு மட்டும் தீர்மானிக்க இயலாது. அதன் வாக்கியங்களைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இதற்கு நம் தரப்பினர் உடனடியாக ஓர் ஆட்சேபம் எழுப்புவர்: “பத்திரிகை யாருடைய சொத்து என்று பார்த்தால் போதாதா? முதலாளியின் ஏடு முதலாளிக்கே பேசும்.” இதில் உண்மையுண்டு, ஆனால் முழு உண்மை இல்லை என்பதற்கு ஏரிக்கரைப் பத்திரிகை இல்லமே சான்று. டி. ஆர். விஜேவர்தன உருவாக்கிய அந்நிறுவனத்திலிருந்துதான் 1932ஆம் ஆண்டு தினகரன் பிறந்தது. அதன் எசமானர்கள் இடதுசாரிகளின் நண்பர்கள் அல்லர். எனினும் 1959 முதல் 1961 வரை க. கைலாசபதி அதன் ஆசிரியராக இருந்தபோது, ஈழத்து முற்போக்கு இலக்கியத்துக்கு அந்த ஏட்டிலேயே விரிந்த களம் கிடைத்தது. உடைமை ஒருவரிடம் இருக்க, பக்கம் சிறிது காலம் இன்னொருவர் கைக்கு வந்தது.

1973ஆம் ஆண்டு, சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் பங்குகொண்ட ஐக்கிய முன்னணி அரசாங்கம் விசேட சட்டமொன்றினால் அந்நிறுவனத்தின் பங்குகளில் 75 வீதத்தைப் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்தது. ஒரு குடும்பத்தின் ஏகபோகம் உடைந்தது என்று நாம் மகிழ்ந்தோம். உடைமையை மக்களிடையே பரவலாக்குவது என்னும் நோக்கம் கூறப்பட்டது. அந்தப் பரவலாக்கம் நிகழவில்லை. அடுத்து வந்த ஒவ்வோர் அரசாங்கமும் நாம் கட்டிக் கொடுத்த அந்தக் கதிரையில் அமர்ந்து தனது பிரதாபங்களைத் தானே பாடிக்கொண்டது. தனியுடைமை நீங்கினால் உண்மை தானே வெளிவரும் என்ற நம்பிக்கைக்கு வரலாறு அளித்த பதில் இது. அச்சகம் யாருடையது என்பது காற்று வீசும் திசையை உணர்த்தும். செய்தி மெய்யா என்பதை அது ஒன்றே உணர்த்தாது.

ஆகவே வாக்கியத்துக்கு வருவோம். தமிழிலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்றொன்று உண்டு. ‘வந்தேன்’ என்றால் ‘நான்’ என்பது சொல்லாமலே விளங்கும். ஆனால் நமது செய்தித் தமிழ் வேறொரு தோன்றா எழுவாயை ஆக்கி வைத்திருக்கிறது. அது சொல்லாமலும் விளங்காது, கேட்டாலும் விளங்காது. ‘வீடுகள் எரிக்கப்பட்டன.’ எரித்தவர் யார்? ‘பதற்றநிலை தோன்றியது.’ யாரால் தோன்றியது? ‘இனந்தெரியாத நபர்களால் சுட்டுக்கொல்லப்பட்டார்.’ எத்தனை மரணங்களின் மீது இந்தச் சொற்றொடர் வெள்ளைத் துணியாகப் போர்த்தப்பட்டது! யாழ்ப்பாணத்தில் 2000ஆம் ஆண்டு மயில்வாகனம் நிமலராஜனும், 2005ஆம் ஆண்டு பம்பலப்பிட்டியில் கடத்தப்பட்ட தர்மரத்தினம் சிவராமும், 2009 ஜனவரியில் லசந்த விக்கிரமதுங்கவும் கொல்லப்பட்டபோது, அவர்கள் வாழ்நாளெல்லாம் தேடிய எழுவாய் அவர்களுடைய மரணச் செய்தியிலேயே காணாமற்போயிற்று.

இங்கு நீதி தவறக்கூடாது. 2006 மே 2ஆம் திகதி உதயன் பணிமனைக்குள் புகுந்து ஊழியர்களைச் சுட்டுக் கொன்ற நாட்டில், அடுத்த நாள் செய்தி எழுதும் நிருபனிடம் எழுவாயைக் கேட்பது எளிது, எழுதுவது எளிதன்று. அச்சத்தால் மறைத்த எழுவாய் வேறு, விசுவாசத்தால் மறைத்த எழுவாய் வேறு. முன்னதில், இடம், நேரம், அருகிலிருந்த காவலரண், வந்த வாகனம் என்று வாசகன் தானே கண்டுகொள்வதற்கான தடயங்களை எழுதியவன் விட்டுச் செல்வான். பின்னதில் தடயங்களும் துடைக்கப்பட்டிருக்கும். இந்த வேறுபாட்டை அறிவதே வாசகனின் முதற் பயிற்சி.

எழுவாயை மறைப்பது ஒரு முறை. நிகழ்ச்சிகளின் வரிசையை மாற்றுவது மற்றொரு முறை. 1958 மே 26ஆம் திகதி பிரதமர் பண்டாரநாயக்க வானொலியில் நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். மட்டக்களப்பு மாவட்டத்தில் நுவரெலியாவின் முன்னாள் மேயர் செனிவிரத்ன உட்படச் சிலர் உயிரிழந்த சம்பவங்களின் விளைவாகவே பொலனறுவை முதலிய பகுதிகளில் வன்முறை எழுந்தது என்பது அவ்வுரையின் பொருள். ஆனால் செனிவிரத்ன இறந்தது மே 25ஆம் திகதி. பொலனறுவையில் தமிழர்மீதான தாக்குதல்கள் அதற்குச் சில நாட்கள் முன்னரே தொடங்கிவிட்டன. உரையில் கூறப்பட்ட மரணம் பொய்யன்று. முன்பின் மாற்றப்பட்டமையே பொய். அந்த மாற்றம் பாதிக்கப்பட்டவனைக் காரணகர்த்தாவாக்கியது. ‘ஒப்சேவர்’ ஆசிரியராயிருந்த டார்சி விட்டாச்சி இதனைச் சுட்டிக்காட்டினார். ஆனால் அவசரகாலச் செய்தித் தணிக்கை நிலவிய காலத்தில் பத்திரிகையில் எழுத முடியாதவற்றை அவர் நூலாக எழுத வேண்டியிருந்தது. ‘எமெர்ஜென்சி 58’ என்னும் அந்நூல் இலண்டனில் அச்சாயிற்று.

1983 ஜூலையில் கையாளப்பட்ட முறை விடுபாடு. 23ஆம் திகதி இரவு திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்ட செய்தி தெற்கில் வெளியாயிற்று. அதைத் தொடர்ந்து யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 50 பொதுமக்கள் படையினரால் கொல்லப்பட்ட செய்தி அந்நாட்களில் தெற்கின் வாசகனை எட்டவில்லை. பாதிச் செய்தி மட்டும் வந்த நகரில் வெள்ளவத்தை எரிந்தது. அந்தப் பாதிச் செய்திதான் நெருப்பை மூட்டியது என்று சொல்லமாட்டேன். திட்டமிட்டவர்கள் செய்திக்காகக் காத்திருக்கவில்லை. ஆனால் வேடிக்கை பார்த்து நின்ற சாதாரண சிங்கள அயலவனின் மனச்சாட்சியைத் தட்டி எழுப்பக்கூடிய மறுபாதி அவனிடமிருந்து பறிக்கப்பட்டிருந்தது.

இவற்றையெல்லாம் எழுதும்போது தமிழ் வாசகன் தலையசைத்து ஆமோதிப்பான். அவன் தலை அசையாது நிற்கும் இடமும் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம் மக்கள் அனைவரையும், 70,000க்கு மேற்பட்டோரை, வெளியேற்றினர். யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள். இந்நிகழ்ச்சியை நம்மவர் எழுதும்போது பயன்படுத்தும் வினைச்சொல்லைக் கவனியுங்கள். ‘வெளியேற்றினர்’ என்பது ‘வெளியேற்றப்பட்டனர்’ ஆகிறது. பிறகு ‘வெளியேறினர்’ ஆகிறது. ஈற்றில் ‘இடம்பெயர்ந்தனர்’ என்று, மழைக்காலப் பறவைகளின் பயணம்போல் ஆகிவிடுகிறது. ஒரு வினைச்சொல்லின் தேய்வில் ஒரு குற்றம் கரைந்துபோகிறது. சிங்கள ஏட்டில் தோன்றா எழுவாயைக் கண்டு கொதிப்பவன் தமிழ் ஏட்டில் அதைக் கண்டும் காணாதிருந்தால், அவன் தேடுவது உண்மையையன்று, ஆறுதலையே.

இனி, மூலம். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயம் உட்படப் பல இடங்களில் குண்டுகள் வெடித்து 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். நாடு அச்சத்தில் உறைந்திருந்த அந்த வேளையில், மே 23ஆம் திகதி, ‘திவயின’ என்னும் சிங்கள நாளேடு முதற்பக்கத்தில் ஒரு செய்தியை வெளியிட்டது: முஸ்லிம் வைத்தியர் ஒருவர் 4,000 சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டார் என்பது. சொன்னவர் யார்? எண்ணியவர் யார்? சத்திரசிகிச்சைக் கூடத்தில் ஒரு வைத்தியர் தனித்து நிற்பதில்லை. தாதியரும் ஏனைய வைத்தியரும் உடனிருப்பர். நாலாயிரம் முறை நடந்ததை ஒருவருமா பார்க்கவில்லை? எந்த மாணவனும் கேட்கக்கூடிய இந்த வினாக்களை ஒரு நாளேட்டின் ஆசிரியபீடம் கேட்கவில்லை. ஓரிரு நாட்களில் குருநாகல் போதனா வைத்தியசாலையின் வைத்தியர் ஷாஃபி கைதானார். குற்றச்சாட்டை நிரூபிக்கச் சான்று இல்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றில் தெரிவித்தது. ஆயினும் அவர் ஜூலை 25 வரை மறியலில் இருந்தார். 2022ஆம் ஆண்டு தமக்குக் கிடைத்த நிலுவைச் சம்பளத்தை, மருந்துத் தட்டுப்பாட்டால் தவித்த நாட்டுக்கு மருந்து வாங்கவென அவர் வழங்கிவிட்டார். குற்றச்சாட்டு பரவிய வேகத்தின் நூறிலொரு பங்கு வேகத்திலாவது இச்செய்தி பரவியதா?

இது நம் தீவுக்கு மட்டுமே உரிய நோயன்று. 1964 ஆகஸ்ட் 4ஆம் திகதி டொங்கின் வளைகுடாவில் நிகழாத தாக்குதலை நிகழ்ந்ததென்று அமெரிக்க அரசு சொல்ல, அந்நாட்டின் பெரும் பத்திரிகைகள் அப்படியே அச்சிட்டன, வியட்நாம் எரிந்தது. 1986 ஏப்ரல் 26இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது, சோவியத் செய்தித்துறை இரண்டு நாட்கள் வாய் திறக்கவில்லை. முன்னதை மட்டும் நினைவில் வைப்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. பின்னதையும் சேர்த்து நினைவில் வைப்பதே நேர்மை.

சார்பற்ற பத்திரிகை எங்கே என்று தேடி அலைய வேண்டியதில்லை. 1920களில் கோ. நடேசய்யர் கொழும்பிலிருந்து நடத்திய தேசபக்தன் தோட்டத் தொழிலாளரின் பக்கம் நின்றது. அதை அவர் ஒளிக்கவில்லை. பக்கம் சார்வது பிழையன்று. சார்ந்துகொண்டே சாராதவன்போல் நடிப்பதும், சார்புக்காக நிகழ்ச்சியைத் திரிப்பதுமே பிழை. தன் கட்சிக்குச் சங்கடமான உண்மையையும் அச்சிடும் ஏடு, தவறு நேர்ந்தால் தவறு அச்சான அதே பக்கத்தில் திருத்தத்தையும் அச்சிடும் ஏடு, சொன்னவர் பெயரைச் சொல்லும் ஏடு எதுவோ, அதுவே நம்பிக்கைக்குரியது. அதுவும் அன்றன்று பரீட்சிக்கப்பட வேண்டிய நம்பிக்கை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏரிக்கரை இல்லம் ஒன்றிலிருந்தே தினகரன், தினமின, டெய்லி நியூஸ் என மும்மொழியில் நாளேடுகள் வெளிவருகின்றன. மாதமொரு முறை, ஒரே நிகழ்ச்சி பற்றிய மூன்று செய்திகளையும் வகுப்பறைப் பலகையில் அருகருகே ஒட்டுங்கள். யார் செய்தார், எது முதலில் நடந்தது, யார் சொன்னார், எது விடுபட்டது என்னும் நான்கு வினாக்களை மாணவரே எழுதட்டும். கிராண்ட்பாஸிலிருந்து வரும் வீரகேசரியையும், தொலைபேசியில் வந்த செய்தியையும் அதே பலகையில் ஒட்டுங்கள். சிங்களம் வாசிக்கத் தெரிந்த தமிழ் மாணவன் ஒருவனும், தமிழ் வாசிக்கத் தெரிந்த சிங்கள மாணவன் ஒருவனும் ஒரே மேசையில் அமர்ந்து இதைச் செய்வார்களாயின், எந்தத் தணிக்கை அதிகாரியாலும் முற்றாக மறைக்க முடியாத ஒரு வாசகர் கூட்டம் இந்நகரில் தோன்றும். அயலவன் மொழியில் என்ன அச்சாகிறது என்பதை அறியாத மக்களிடையேதான் 1958இலும் 1983இலும் 2019இலும் வதந்தி அரசாண்டது. அந்த அறியாமையைப் போக்குவது பத்திரிகை முதலாளிகளின் வேலையன்று, நமது வேலை.