பத்துத் துவரும் ஒற்றை நரையும்

தமிழ்ப் புலவருள் கூந்தலைப் பாடாதார் அரியர். கார்மேகம், ஆற்று அறல், இருள் என அதற்கு அமைந்த உவமைகள் பல. ஆயினும் அக்கூந்தல் எவ்வாறு பேணப்பட்டது, பேணிய கைகள் யாருடையவை, நரைத்தபின் அது என்ன பொருள் பெற்றது என்ற வினாக்கள் அருகியே எழுப்பப்பட்டுள்ளன. கூந்தலுக்கு நிறமூட்டுதலும் பராமரிப்பு முறைகளைத் தேர்தலும் ஒரு தொழிற்கலையாக வளர்ந்துவிட்ட இக்காலத்தில், பதுளை, பண்டாரவளை போன்ற மலையக நகரங்களிலும் அழகு நிலையங்கள் பெருகிய நிலையில், இவ்வினாக்கள் இலக்கிய மாணவரும் எழுப்பவேண்டியவையாகின்றன.

முதலில் நோக்கற்பாலது சிலப்பதிகாரம். கடலாடு காதையில் ஊடற்கோலத்தோடு இருந்த கோவலனை மகிழ்விக்க மாதவி தன்னை ஒப்பனை செய்துகொள்கிறாள். பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஆகியன ஊறிய நன்னீரில் அவளது நெய் பூசிய கூந்தல் ஆட்டப்படுகின்றது. பின்னர் நறும்புகையில் புலர்த்தப்பட்டு, வகைவகையாகப் பிரிக்கப்பட்டுக் கத்தூரிக் குழம்பு ஊட்டப்படுகின்றது. கழுவுதல், உலர்த்துதல், வகுத்தல், பூசுதல் என்ற இம்முறைவைப்பு இன்றைய ஒப்பனைக் கலைஞரின் செய்முறைக்கும் பொருந்துவதே. ஆனால் நாற்பத்தேழு பொருள்களைக் கணக்கிட்டுச் சொன்ன இளங்கோவடிகள், அவற்றைத் தேடிக் கொணர்ந்து அரைத்த கைகள் யாருடையவை என்று சொன்னாரில்லை.

அந்திமாலைச் சிறப்புச்செய் காதையிலோ, பிரிவுற்ற கண்ணகியின் கூந்தல் நெய்யணிதலை மறந்திருக்கின்றது. இவ்விரு காட்சிகளையும் எதிர்நிறுத்தி, மாதவியின் கூந்தல் செயற்கை, கண்ணகியின் கூந்தல் கற்பு என்று தீர்ப்புக் கூறுவது எளிது. அத்தீர்ப்புக் காப்பியத்துக்கு நீதி செய்வதன்று. மறத்தல் என்ற வினையே முன்னர் நெய் அணிந்த வழக்கத்தை உணர்த்துகின்றது. கண்ணகியும் கூந்தல் பேணியவளே. துயரம் அப்பேணலை நிறுத்தியது. மறுபுறம், கோவலன் இறந்தபின் மாதவி தன் மகள் மணிமேகலையின் மாலையைக் குழலொடு களைந்து அறநெறிப்படுத்தினாள் என்ற செய்தி நீர்ப்படைக் காதையில் வருகின்றது. நாற்பத்தேழு பொருள்களின் அருமை அறிந்தவளே கூந்தலின் நிலையாமையையும் அறிந்தாள். ஆகவே பேணல் வேறு, பொய்ம்மை வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் ஒழுக்கவியல் திறனாய்வு பெண்ணின் தெரிவுரிமையைக் காணத் தவறிவிடுகின்றது.

இயற்கை, செயற்கை என்ற வழக்குத் தமிழுக்குப் புதியதன்று. குறுந்தொகையின் இரண்டாம் பாடலையொட்டித் திருவிளையாடற் புராணம் விரிக்கும் தருமி கதையில், மகளிர் கூந்தலுக்கு மணம் இயல்பா, சேர்க்கையா என்பதே பாண்டியனின் ஐயம். நக்கீரரும் இறைவனும் வாதிடுகின்றனர். ஆனால் யாருடைய கூந்தலைப் பற்றி வாதம் நிகழ்கின்றதோ, அப்பெண்ணிடம் எவரும் வினவவில்லை.

நரையின் வரலாறு இதனினும் சுவையுடையது. இளையன் எனத் தன்னை ஐயுற்ற முதியோர் உவக்கும்படி, சோழன் நரைமுடி தரித்து வந்து முறைசெய்தான் என்கிறது பழமொழி நானூறு. உரையாசிரியர் அவனைக் கரிகாலன் என்பர். கருமையை வெண்மையாக்கினால் மதிப்பு உயர்ந்த காலம் அது. புறநானூற்றில் பிசிராந்தையார், ஆண்டு பலவாகியும் நரை இலராதற்குக் காரணமாக மாண்ட மனைவியையும், அறிவு நிரம்பிய மக்களையும், கருத்தறிந்து ஒழுகும் ஏவலரையும், அல்லவை செய்யாது காக்கும் வேந்தனையும், ஆன்றோர் வாழும் ஊரையும் காட்டுகின்றார். நரை என்பது தனிமனிதனின் தலையில் தோன்றினும், அதன் வேர் சமுதாயத்திலே உள்ளது என்ற நுண்ணுணர்வு இதிற் புலனாகின்றது.

கம்பராமாயண அயோத்தியா காண்டத்தில் வழங்கும் செய்யுட்கள் தயரதனின் காதருகே தோன்றிய ஒற்றை நரையைப் பாடுகின்றன. மூப்பு நரையாகிச் செவியில் அறிவுரை கூறியது என்ற கற்பனை காளிதாசரின் இரகுவமிசத்திலும் உண்டு. தமிழ்ச் செய்யுளோ, இராவணன் செய்த தீமையே நரையுருவில் அணுகியது என்று மேலும் ஒருபடி செல்கின்றது. அவ்விராவணன் பெயரால் வழங்கும் நீர்வீழ்ச்சியும் குகையும் ஊவாவின் எல்லவில் உள்ளன. சீதை அங்கு மறைத்துவைக்கப்பட்டாள் என்பது வாய்மொழி மரபு. அயோத்தி மன்னனின் ஒரு மயிர் வெளுத்ததைப் பாடிய இலக்கிய மரபு, அந்நீர்வீழ்ச்சியைச் சூழ்ந்த மலைகளிற் கொழுந்து பறித்தே நரைத்த தலைகளை அவ்வளவு கூர்ந்து நோக்கியதா என்பது ஆராயத்தக்கது.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில் அமைந்த எல்லவையும் அதன் அயலையும் ஆண்டின் நடுப்பகுதியில் வறண்ட காற்றுத் தாக்குகின்றது. ஊவாத் தேயிலைக்குத் தனி மணம் தரும் அக்காற்றே கூந்தலின் ஈரத்தை உறிஞ்சுகின்றது. கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் அழுந்துகின்றது. தொடர்ந்த இழுவை மயிர்க்கால்களை நலிவிக்கும் என்பது மருத்துவர் ஒப்பும் உண்மை. இத்தலைகளுக்குத் தேங்காயெண்ணெயே மருந்து. மயிரின் புரத இழப்பை அது குறைக்கும் என்று ஆய்வுகளும் காட்டியுள்ளன. எளியவரின் பழக்கம் அறியாமையன்று.

ஆனால் 'கூந்தற் சிகிச்சை' என்ற இன்றைய விளம்பரச் சொல் திறனாய்வுக்குரியது. தோலுக்கு வெளியே வளர்ந்த மயிர் குருதியும் நரம்பும் அற்ற உயிரில் பொருள். அதனைக் காக்கலாம், மென்மையாக்கலாம், குணப்படுத்தல் இயலாது. நிலையான சாயத்தில் அமோனியா போன்ற காரம் மயிரின் புறச்செதில்களை விரிக்கின்றது. ஐதரசன் பரவொட்சைட்டு இயற்கை நிறத்தை வெளிறச்செய்து, உட்புகுந்த சாயப்பொருள்களை நிறமாக்குகின்றது. 1907இல் பிரான்சிய இரசாயனவியலாளர் யூஜின் ஷூலர் செயற்கைச் சாயத்தைத் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்த காலம் முதல் இத்துறை பெருவணிகமாயிற்று. கருஞ்சாயங்களிற் பெரிதும் பயன்படும் பரா-பீனைலீன் டைஅமீன் சிலருக்குக் கடும் ஒவ்வாமை விளைவிக்கும். 'கறுப்பு மருதாணி' என விற்கப்படுவனவற்றிலும் இது கலந்திருப்பதுண்டு. தூய மருதாணி தருவது செம்மையேயன்றிக் கருமை அன்று. பூசுவதற்கு 48 மணிநேரத்துக்கு முன் காதின் பின்புறத்திற் சிறிது தடவிச் சோதித்தல் வேண்டும். மயிர் மாதந்தோறும் ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் வளர்வதால், ஒருமுறை சாயமிட்டார் வேர்ப்பகுதிக்கு மீண்டும் மீண்டும் இடவேண்டும். நாட்கூலி பெறும் குடும்பத்துக்கு இது அழகியல் மட்டுமன்றிப் பொருளியற் கணக்குமாகும்.

கை யாருடையது என்ற முதல் வினா இங்கு மீளவும் எழுகின்றது. தோட்டங்களில் முடிதிருத்துவோர்க்கும் சலவை செய்வோர்க்கும் உரிய பணம் தொழிலாளரின் சம்பளத்திற் பிடிக்கப்பட்ட வழக்கம் இருந்தது. அத்தொழில்கள் சாதியோடு பிணைக்கப்பட்டு, அவற்றைச் செய்தோர் தாழ்வாக நடத்தப்பட்டனர். இன்று அதே கலை தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழுக்குரிய கல்வியாகியுள்ளது. லயத்திற் பிறந்த பெண்ணொருத்தி அக்கல்வி பெற்றுப் பிறர் தலைக்கு நிறம் தேரும்போது, பிறப்பால் சுமத்தப்பட்ட இழிவொன்று கற்றுப்பெற்ற திறனாக மாறுகின்றது. எனினும், அவளது தாயின் நரையைக் குறையெனக் காட்டி அச்சாயத்தை விற்கும் வணிகமும் அம்மாற்றத்தோடு உடன்வருகின்றது என்பதை மறத்தலாகாது.

சாயமிடுதல் இழுக்கன்று, இடாமை பெருமையுமன்று. மாதவியின் பத்துத் துவரும் கண்ணகியின் மறந்த நெய்யும் அவரவர் வாழ்விலிருந்து பிறந்தவை. அறிந்து தேரும் உரிமை பெண்ணுக்கு உண்டா, அவள் கூந்தலைப் பேணும் கைக்கு மதிப்பு உண்டா என்பனவே வினாக்கள். பிசிராந்தையார் எண்ணிய நலன்கள் யாவும் ஊவாவின் மலைகளை எய்தும் நாளிலும் அங்குள்ள தலைகள் நரைக்கவே செய்யும். ஆனால் அந்நரை கவலையால் வந்ததாய் இராது, ஆண்டுகளால் மட்டுமே வந்ததாய் இருக்கும்.