மினசோட்டா ஃபேட்ஸ்: சொல்லால் வென்றவருக்கு எழுதப்படும் அஞ்சலிகள்

1996 ஜனவரியில், அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ருடால்ஃப் வாண்டரோன் இறந்தார். ஆவணங்களின்படி அவர் 1913இல் நியூயார்க்கில், சுவிட்சர்லாந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். 83 வயது நிறையச் சில நாட்களே இருந்தன. அவரே சொல்லிவந்த கணக்கிலோ வயது அதைவிடப் பத்துக்கும் மேல் கூடுதல். உலகம் அவரை அறிந்திருந்தது மினசோட்டா ஃபேட்ஸ் என்ற பெயரில். அவர் மினசோட்டாக்காரர் அல்ல. அந்தப் பெயர் ஒரு நாவலிலிருந்து வந்தது.

வயதும் பெயருமே இப்படி என்றால், பில்லியர்ட்ஸ் மேசையில் அவர் ஆடிய ஆட்டங்களை எப்படிப் பதிவு செய்வது? அவரைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் எளிய வழி ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் சொன்ன கதைகளை அவர் சொன்னபடியே திருப்பிச் சொல்வது, உண்மையா பொய்யா என்ற கேள்வியைப் புன்னகையோடு கடந்துவிடுவது. மறைந்த கேளிக்கையாளர்களை இப்படி நினைவுகூர்வது இன்று ஒரு மரபாகவே ஆகிவிட்டது. ஃபேட்ஸ் விஷயத்தில் இந்த மரபு சாதித்தது நிறைய. அதே அளவுக்கு அது மறைத்தும் வைத்திருக்கிறது.

முதலில் அந்தப் பெயரின் கதை. 1959இல் வால்டர் டெவிஸ் ‘தி ஹஸ்லர்’ நாவலை எழுதினார். பந்தயம் கட்டி பில்லியர்ட்ஸ் ஆடும் இளைஞன் ஒருவன், தோற்கடிக்கவே முடியாதவர் என்று பெயரெடுத்த மினசோட்டா ஃபேட்ஸைத் தேடி வரும் கதை அது. 1961இல் ராபர்ட் ராஸன் அதைப் படமாக எடுத்தார். ஃபேட்ஸாக நடித்தவர் ஜாக்கி கிளீசன். அதுவரை நியூயார்க் ஃபேட்ஸ், பிராட்வே ஃபேட்ஸ் என்றெல்லாம் அழைக்கப்பட்டுவந்த வாண்டரோன், படம் வெளிவந்ததும் அந்தப் பாத்திரம் தான்தான் என்று அறிவித்துவிட்டார். அது முழுக்கத் தன் கற்பனை என்று டெவிஸ் திரும்பத் திரும்ப மறுத்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

படத்தை ஊன்றிப் பார்த்தால் டெவிஸ் சொல்வதே சரி என்று தெரியும். கிளீசனின் ஃபேட்ஸ் அளந்து பேசுபவர், அடக்கமானவர், நடையிலும் உடையிலும் ஒரு கனவானின் நிதானம் கொண்டவர். வாண்டரோன் வாய் மூடாதவர். அதைவிட முக்கியமானது ஆட்ட வகை. படத்தில் ஆடப்படுவது ஸ்ட்ரெய்ட் ஆட்டம். எந்தப் பந்தை எந்தப் பாக்கெட்டில் போடப்போகிறோம் என்று முன்னதாகச் சொல்லிவிட்டு, தவறும்வரை தொடர்ந்து போட்டுக்கொண்டே போகலாம். உலகப் பட்டங்கள் தீர்மானிக்கப்பட்டது அந்த ஆட்டத்தில்தான். வாண்டரோனின் பலம் ஒன்-பாக்கெட் என்ற வேறொரு வகை. அதில் மேசையின் ஆறு பாக்கெட்டுகளில் ஆளுக்கு ஒன்றுதான் சொந்தம். பதினைந்து பந்துகளில் எட்டை முதலில் தன் பாக்கெட்டில் சேர்ப்பவர் வென்றவர். அடிப்பதைவிட எதிராளியை அடிக்கவிடாமல் பந்துகளை நிறுத்துவதுதான் அதன் நுட்பம். பொறுமையும் தந்திரமும் பக்கவாட்டில் மோதித் திரும்பும் அடிகளும் அதற்கு வேண்டும். கேரம் ஆடியவர்களுக்கு இது விளங்கும்: நேராகப் போகிற காயைப் போடுவது ஒரு கை, சட்டத்தில் மோதித் திருப்பிப் போடுவது வேறொரு கை. வாண்டரோன் இரண்டாவது வகையில் உண்மையிலேயே தேர்ந்தவர். இளம்வயதில் ஐரோப்பாவுக்குப் போனபோது எரிக் ஹாகன்லோஹர் என்ற ஜெர்மானிய வல்லுநரிடம் பயின்றவரும்கூட.

இந்தத் தேர்ச்சி அஞ்சலிகளில் எங்கும் விளக்கப்படுவதில்லை. என் முதல் குறை இதுதான். கதைகளின் இரைச்சலில், அவர் கையில் இருந்த உண்மையான கலை காணாமல் போகிறது. பட்டம் எதுவும் வெல்லாத ஒருவரை எல்லோரையும் வென்றவர் என்று வருணிக்கும் சிரமத்தில், அவர் எதில் வல்லவர் என்று சொல்லும் எளிய வேலையை எழுதுபவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு கலையும் அவரிடம் இருந்தது. பந்தய பில்லியர்ட்ஸில் ஆட்டம் தொடங்குவது முதல் அடியில் அல்ல, பேரத்தில். யாருக்கு எத்தனை பந்து சலுகை, என்ன தொகை, எந்த வகை ஆட்டம் என்று பேசி முடிக்கும்போதே பாதி வெற்றி நிர்ணயமாகிவிடும். தன் திறமையை மறைத்து வைத்து ஏமாற்றுவதே இந்தத் தொழிலின் வழக்கமான முறை. ஃபேட்ஸ் நேர் எதிர்த் திசையில் போனார். தன்னைவிடச் சிறந்தவன் பூமியில் இல்லை என்று உரக்கச் சொன்னார். கேட்பவனுக்கு எரிச்சல் மூளும், பணத்தை எடுத்து வைப்பான், பேரத்தை ஒழுங்காக யோசிக்க மறந்துவிடுவான். அவருடைய வாயாடித்தனம் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. அது அவருடைய தொழிற்கருவி. இதைப் புரிந்துகொண்டால் அவர் மீது மதிப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

இந்த நினைவுமரபின் பலத்தையும் மனமாரச் சொல்ல வேண்டும். போருக்குப் பிறகான அமெரிக்காவில் பில்லியர்ட்ஸ் கூடங்கள் நலிந்துகொண்டிருந்தன. மிச்சமிருந்தவற்றுக்குச் சமூகத்தில் நல்ல பெயரும் இல்லை. 1961ஆம் ஆண்டுப் படம் ஆர்வத்தைக் கிளப்பியது. ஆனால் படம் சில மாதங்கள்தான் ஓடும். அந்த ஆர்வத்தைத் தன் பருத்த உடம்பிலும் ஓயாத நாவிலும் ஏற்றிக்கொண்டு பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சுமந்தவர் ஃபேட்ஸ். மேசை தயாரிக்கும் நிறுவனத்துக்காகக் காட்சி ஆட்டங்கள் ஆடினார். தொலைக்காட்சியில் பிரபலங்களோடு ஆடும் நிகழ்ச்சியை நடத்தினார். ஜானி கார்சனின் இரவு நிகழ்ச்சியில் அமர்ந்து நாட்டையே சிரிக்க வைத்தார். பத்திரிகையாளர் டாம் ஃபாக்ஸோடு சேர்ந்து 1966இல் தன் வாழ்க்கைக் கதையையும் வெளியிட்டார். ஒரு கோலைக்கூடத் தொட்டிராத வீடுகளுக்குள் இந்த விளையாட்டு நுழைந்தது அவர் குரலின் வழியாகத்தான். அவர் கதைகளைத் திருப்பிச் சொல்பவர்கள் ஒரு நிகழ்த்துகலையைத்தான் காப்பாற்றுகிறார்கள். அந்தக் குரலை வடிகட்டிவிட்டு எழுதும் அஞ்சலி அவரைப் பற்றியதாகவே இருக்காது.

ஆனால் அந்தக் கதைகளுக்குள் ஒரு கூற்று இருக்கிறது. அது மற்றவர்களின் உழைப்பைச் சிறுமைப்படுத்துவது. பட்டப்போட்டிகளுக்கு மதிப்பில்லை, சொந்தப் பணத்தைப் பணயம் வைத்து ஆடுவதே ஆட்டம், அப்படி ஆடியபோது நான் தோற்றதே இல்லை என்பது அவர் வாழ்நாள் முழுதும் சொல்லிவந்தது. நள்ளிரவுப் பந்தயங்களுக்கு எழுத்தில் கணக்கு இல்லை, நடுவர் இல்லை. நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. கேளிக்கையாக இதை ரசிக்கலாம். வரலாறாக இதை ஏற்றால் வில்லி மொஸ்கோனிக்கு அநீதி இழைக்கிறோம்.

மொஸ்கோனியும் 1913இல் பிறந்தவர், ஃபிலடெல்ஃபியாக்காரர். 1941 முதல் 1957 வரையான காலத்தில் 15 முறை ஸ்ட்ரெய்ட் ஆட்டத்தின் உலகப் பட்டத்தை வென்றவர். 1954இல் ஒஹையோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில், ஒரு முறைகூடத் தவறாமல் அடுத்தடுத்து 526 பந்துகளைப் போட்டவர். ‘தி ஹஸ்லர்’ படத்துக்கு ஆட்ட ஆலோசகரும் அவரே. சூதாட்டக் கறையிலிருந்து இந்த விளையாட்டை மீட்டு மரியாதையான இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தவர். படம் ஓடி முடிந்தபின் மக்கள் வாயில் நின்ற பெயர் மினசோட்டா ஃபேட்ஸ். மொஸ்கோனிக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல.

1978 பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் இருவரும் மோதினார்கள். ஏபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பியது, ஹோவர்ட் கோசல் வர்ணித்தார். மொஸ்கோனி 5-2 என்று வென்றார். ஃபேட்ஸ் ஆட்டம் முழுக்கப் பேசினார், அரங்கம் அவரோடு சிரித்தது. இறுக்கமான முகத்தோடு பந்துகளைப் போட்டுக்கொண்டிருந்தவர் வென்றார், கூட்டத்தின் மனத்தை மற்றவர் கொண்டுபோனார். அந்த இரவை ஃபேட்ஸின் வெற்றியாக எழுதும் கட்டுரைகள் உண்டு. ஒரு பொருளில் அது உண்மைதான். ஆனால் 5-2 என்ற எண்ணிக்கையை ஓரமாக ஒதுக்கும் உரிமை அந்த உண்மைக்கு இல்லை. இருவருக்கும் அப்போது அறுபதைத் தாண்டிய வயது. எழுத்தில் கணக்கு உள்ள ஆட்டம் அது. சிரிப்பைப் பற்றி ஒரு பத்தி எழுதுபவர் எண்ணிக்கையைப் பற்றி ஒரு வரியாவது எழுதியாக வேண்டும்.

தோற்றவர்கள் இந்த நினைவுகளில் எங்கே? போர்க்காலத்தில் வர்ஜீனியாவின் நார்ஃபோக் துறைமுக நகரில் ஃபேட்ஸ் பெரும்பணம் வென்றதாகக் கதைகள் சொல்கின்றன. கடற்படையினரும் கப்பல்கட்டும் தொழிலாளர்களும் நிறைந்த ஊர் அது. அங்கே மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றவர்களின் பெயர்களும், பணத்தை விட்டுவிட்டு வீடு திரும்பியபின் நேர்ந்தவையும் எந்த அஞ்சலியிலும் இல்லை. அவர்களை எல்லாம் அப்பாவிகள் என்று நான் சொல்லவில்லை, பலர் தாங்களே தேர்ந்த சூதாடிகளாக இருந்திருக்கலாம். ஆனாலும் வென்றவன் மட்டுமே பேசும் கதையில் பந்தயத்தின் கேடு கண்ணில் படாமலே போய்விடுகிறது. 1941இல் ஃபேட்ஸை மணந்து இல்லினாய் மாநிலத்தின் டவல் என்ற சிற்றூரில் அவரோடு குடித்தனம் நடத்திய ஈவ்லினும் இந்தக் கதைகளில் ஓரத்துப் பாத்திரம்தான். 1985இல் அந்த மணவாழ்வு விவாகரத்தில் முடிந்தது.

மாறாக, போகிறபோக்கில் ஒரு வரியில் சொல்லப்படும் செய்தி ஒன்று விரிவாக எழுதப்படத் தகுந்தது. ஆதரவற்ற நாய்களையும் பூனைகளையும் அவர் வாழ்நாள் முழுதும் பராமரித்தார். பின்னாளில் நாஷ்வில்லின் ஹெர்மிட்டேஜ் ஓட்டலில் வசித்தபோது, அவருக்காக அங்கே ஒரு பில்லியர்ட்ஸ் மேசை போட்டிருந்தார்கள். வருவோர் போவோரோடு ஆடுவார், ரப்பர் முத்திரையால் கையெழுத்து பதித்துக் கொடுப்பார், பூங்காவுக்குப் போய்ப் பறவைகளுக்குத் தீனி போடுவார். பெருமையடித்துக்கொள்ள எதுவுமில்லாத இந்தப் பகுதியில் அவர் மிகைப்படுத்தலே இல்லாமல் தெரிகிறார்.

இவ்வளவையும் நிறுத்துப் பார்க்கும்போது, அவரைச் சரியாக மதிப்பிட்டது அமெரிக்க பில்லியர்ட்ஸ் காங்கிரஸ்தான் என்று தோன்றுகிறது. 1984இல் அது ஃபேட்ஸைத் தன் புகழ்மண்டபத்தில் சேர்த்தது. ஆட்டத்திறனுக்காகச் சேர்க்கவில்லை, விளையாட்டுக்கு ஆற்றிய சேவைக்காகச் சேர்த்தது. அவர் கல்லறையில் உள்ள வாசகமோ, பூமியில் உள்ள அனைவரையும் வென்றவர் என்கிறது. கல்லறையில் அந்த வாசகம் இருக்கட்டும், அவருக்கு அது பொருத்தம். எழுதுபவர்கள் பின்பற்ற வேண்டியது புகழ்மண்டபத்தின் அளவுகோலை.

ஃபேட்ஸ் இறந்த அதே 1996இல் சிசரோ மர்ஃபியும் இறந்தார். புரூக்ளினைச் சேர்ந்த கறுப்பின பில்லியர்ட்ஸ் வீரர். நிறவெறியால் நெடுங்காலம் உலகப் போட்டிக்கு வெளியே நிறுத்தப்பட்டு, 1965இல் இடம் கிடைத்த முதல் வாய்ப்பிலேயே பட்டத்தை வென்றவர். அவரைச் சுற்றிக் கதை கட்ட யாரும் இல்லை, அதனால் அவர் பெயர் இன்று பலருக்குத் தெரியாது. ஃபேட்ஸின் கதைகளைத் தேடிப் படித்துச் சிரிக்கும் வாசகர்கள், அதே அக்கறையோடு மர்ஃபியைப் பற்றியும் தேடிப் படிக்க வேண்டும்.