தையல் தெரிந்த கோடு

உடைக்காக வரையப்படும் மாதிரியை நாம் கலையென்று கணக்கெடுப்பதில்லை. தையற்கடைச் சுவரில் ஒட்டும் படமாகவே அதனைப் பார்க்கின்றோம். பானு அதையாவின் வாழ்க்கை இப்பார்வையைக் கேள்விக்குட்படுத்துகின்றது.

1929இல் கோலாப்பூரில் ஓர் ஓவியரின் மகளாகப் பிறந்த பானு, பம்பாய் ஜே.ஜே. கலைக் கல்லூரியில் பயின்றவர். 1953இல் முற்போக்கு ஓவியர் குழுவினரோடு தன் ஓவியங்களைக் காட்சிப்படுத்தினார். அக்காலத்திலேயே ‘ஈவ்ஸ் வீக்லி’ என்ற ஆங்கிலப் பெண்கள் சஞ்சிகைக்கு நவீன உடைகளையும் வரைந்து வந்தார்.

பெஷன் ஓவியத்துக்கென ஒரு மரபு உண்டு. மனித உடல் ஏறக்குறைய ஏழரைத் தலை உயரம். ஓவியத்துப் பெண்ணோ ஒன்பது தலை உயரம். இடை மெலியும், கால் நீளும், பிடவைக்குப் பாரமே இராது. பார்ப்பவரை மயக்க இது போதும், தைப்பவருக்குப் போதாது. எங்கே வெட்டுவது, எங்கே மடிப்பது, துணி எப்படி விழும் என்பதைக் கோடு சொல்லியாக வேண்டும். சஞ்சிகையின் ஆசிரியர் உடையகமொன்றைத் திறந்து, உடைகளை வடிவமைத்துத் தருமாறு கேட்டபோது பானுவின் கோடு இப்பரீட்சைக்கு உட்பட்டது. அங்கிருந்துதான் 1956இல் ‘சி.ஐ.டி.’ படத்துக்கும், 1983இல் ‘காந்தி’க்கான ஒஸ்கார் விருதுக்கும் அவர் போய்ச் சேர்ந்தார்.

எனக்கொரு குறையும் உண்டு. ‘வக்த்’ (1965) படத்தில் சாதனா அணிந்த இறுக்கமான சுரிதார் பலராலும் பின்பற்றப்பட்டது. எனினும், அங்கே பேசுவது துணியல்ல, நடிகையின் உடலே.

2020 ஒக்டோபரில் பானு மறைந்தார். அவ்வாண்டு டிசம்பரில் அவரது ஓவியங்கள் ஏலத்துக்கு வந்தன. கடதாசி எஞ்சியிருந்ததால் அவர் ஓர் ஓவியரென்ற அடையாளமும் மீண்டது.

எம்மூர்க் கதை வேறு. கல்முனைக்கு வடக்கே மருதமுனையில் நெய்யப்படும் சாரனின் கட்டத்தையும் சேலையின் கரையையும் முதலில் எண்ணியவர் யார்? அந்த வடிவங்கள் நெசவாளரின் மனதிலும் தறியிலுமே வாழ்ந்தன. 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தபோது தறிகளும் போயின. கடதாசியில் இருந்தாலும் நனைந்திருக்குமே என்று கேட்கலாம். உண்மைதான்; ஆனால் அதன் பிரதியொன்று வேறோர் ஊரில் இருந்திருக்கும்.

கவிதைக்கும் சிறுகதைக்கும் விமர்சனம் எழுதும் நாம், உடுத்தியிருக்கும் சாரனைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. முதிய நெசவாளர் ஒருவரிடம் சதுரறூள் கொப்பியொன்றைக் கொடுத்து, அவரது கரைக் கணக்கை வரைந்து, அடியில் பெயரையும் ஊரையும் எழுதித் தரும்படி கேட்போம். விமர்சனத்தை அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கலாம்.