கடைசலும் கட்டைவிரல் நகமும்

பெங்களூரு–மைசூரு சாலையில் இருக்கிற சென்னபட்டணத்துப் பொம்மை ஒன்றையும், இலங்கையில் மாத்தளைப் பக்கம் செய்த அரக்குப் பிடி ஒன்றையும் அருகருகே வைத்தால், இரண்டும் ஒரே பட்டறைச் சரக்கு என்றே தோன்றும். மரத்தின் மேல் அதே அரக்கு, அதே சிவப்பு, அதே மஞ்சள். ஏற்றிய விதம்தான் வேறு.

சென்னபட்டணத்தில் எல்லாம் கடைசலிலேயே முடிந்துவிடும். நன்றாகக் காய்ந்த வெட்பாலைக் கட்டையைச் சுழலவிட்டு, உளி பிடித்து உருவம் எடுக்கிறார்கள். சுழற்சியை நிறுத்தாமலே நிறம் சேர்த்த அரக்குக் குச்சியை மரத்தின் மேல் அழுத்துகிறார்கள். உரசும் சூட்டிலேயே அரக்கு உருகிப் பரவிவிடும்; தனி நெருப்பு வேண்டாம். பிறகு தாழை மடலால் அழுத்தித் தேய்த்தால் பளபளப்பு ஏறிவிடும். நம் அம்பாசமுத்திரம் செப்புச்சாமானும் இந்த வழியில் வந்ததுதான். ஆனால் சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியால் வளையமும் பட்டையும்தான் போடலாம். கொடி ஓடவிட முடியாது.

இலங்கையிலும் கடைசல் அரக்கு உண்டு. அதோடு, மாத்தளை மாவட்டத்து ஹப்புவிதவுக்குப் பேர் வாங்கித் தந்த ‘நியபொத்து’ வேலையும் உண்டு. அது நகத்தால் செய்வது. கரி நெருப்பில் இளக்கிய அரக்கை இழுத்து, மடித்து, மறுபடி இழுத்து மெல்லிய நூலாக்குகிறார்கள். சூடு காட்டிய பிடியின் மேல் அந்த நூலை ஒட்டிக்கொண்டே போய், வேண்டிய இடத்தில் கட்டைவிரல் நகத்தால் கிள்ளிவிடுகிறார்கள். கோடு, புள்ளி, இதழ், கொடி எல்லாம் இப்படிக் கிள்ளிக் கிள்ளி எழுபவை. அரக்கு ஆறினால் நூல் ஒடியும். சூடு மிஞ்சினால் தொய்யும். கடைசியில் ஓலை நறுக்கால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இந்த அரக்கு வேலையையும் பதிந்து வைத்தார்.

என்னைக் கேட்டால், இரண்டில் அரியது நக வேலைதான். கடைசலுக்கு மோட்டார் கிடைத்தது, வேகம் கூடியது, பொம்மைக்குச் சந்தையும் விரிந்தது. நகத்துக்கு எந்த மோட்டாரும் துணை வராது. கைப்பழக்கம் விட்டுப்போனால் தொழிலும் போயிற்று.

கண்டி, மாத்தளைப் பக்கம் போகிறவர்கள் அரக்குச் சாமான் வாங்கும்போது ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். வெறும் வளையமா, கிள்ளிய கொடியா என்று பாருங்கள். கொடியாக இருந்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள்.