எந்த நாளின் படகு?

1971 டிசம்பர் 4 இரவு கராச்சிக்கு வெளியே பாகிஸ்தான் போர்க்கப்பல்களைத் தாக்கியவை நிபாத், நிர்காத், வீர் என்னும் மூன்று ஏவுகணைப் படகுகள். அந்த நாளைத்தான் ஆண்டுதோறும் கடற்படை நாளாகக் கொண்டாடுகிறோம். சோவியத் நாட்டில் கட்டப்பட்ட ஓசா வகைப் படகுகள் இவை. நீளம் 38.6 மீட்டர், அகலம் 7.6 மீட்டர். ஒன்றுக்கு எழுபத்திரண்டு என்ற அளவில் மாதிரி செய்தால் சுமார் 54 சென்டிமீட்டர் வரும். மேசை மேல் அடக்கமாக நிற்கும். ஆனால் இந்த வகையில் இரண்டு தலைமுறைகள் உண்டு. முதல் தலைமுறையின் ஏவுகணைக்கு இறக்கை மடங்காது. அதனால் அதை வைக்கும் கூடு பெரிய பெட்டிபோல இருக்கும். இரண்டாம் தலைமுறையில் இறக்கை மடங்கியது, கூடும் உருளையாகச் சுருங்கியது. கராச்சிக்குப் போனவை பெட்டிக்கூட்டுப் படகுகள். உருளைக்கூட்டுப் படகுகள் நமக்கு வந்ததே போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்து. உருளைக் கூடுகளை ஒட்டிவிட்டு ‘நிர்காத், 1971’ என்று பலகை வைத்தால், மற்ற வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அந்த மாதிரி பொய் சொல்கிறது.

வரலாற்று நுணுக்கம் பார்த்து மாதிரி செய்யும் பழக்கத்தின் பெரிய பலம், வேறு யாரும் கேட்காத கேள்விகளை அது கேட்கவைப்பதுதான். பின்பக்கத்து இரண்டு கூடுகள் முன்பக்கத்தவற்றைவிடச் சற்று அதிகமாக நிமிர்ந்திருப்பது ஏன்? பின்னாலிருந்து பாயும் ஏவுகணை முன்கூட்டில் இடிக்காமல் மேலே போக வேண்டும். அணியத்தில் இழுவைக் கயிறு மாட்டும் ஏற்பாட்டைக் காட்ட வேண்டுமா? கட்டாயம் காட்ட வேண்டும். சொந்தக் கரையைக் காப்பதற்கென்று வடிவமைத்த குறுந்தூரப் படகு இது. முழு வேகத்தில் ஓடினால் எரிபொருள் விரைவில் தீர்ந்துவிடும். இதைப் பகைவனின் துறைமுகம்வரை கொண்டுபோக, வழியில் பெரிய கப்பல்கள் கட்டி இழுத்துச் செல்ல வேண்டியிருந்தது. இந்தியாவுக்கு வந்தபோதே இவை கல்கத்தாவில் இறக்கப்பட்டு, தீபகற்பத்தைச் சுற்றி மேற்குக் கரைக்கு இழுத்துச் செல்லப்பட்டவை.  அணியத்தில் ஒரு வளையத்தை விட்டுவிட்டால், அந்தப் போரின் துணிச்சலான முடிவு ஒன்றே மாதிரியிலிருந்து மறைந்துபோகிறது.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று இதை இன்னும் அழுத்தமாகக் காட்டும். ஜான் கென்னடி தலைமையேற்ற பிடி-109 ரோந்துப் படகு, 1943 ஆகஸ்ட் 2 அதிகாலை ஜப்பானிய நாசகாரிக் கப்பலான அமகிரி மோதி இரண்டாகப் பிளந்தது. அதற்கு முந்தைய நாள்தான் ராணுவத்தின் 37 மில்லிமீட்டர் பீரங்கி ஒன்றை வாங்கி, மரக்கட்டைகளின் மேல் வைத்து, முன்தளத்தில் கயிறால் கட்டியிருந்தார்கள். இடத்துக்காக உயிர்காப்பு மிதவையை எடுத்துவிட்டார்கள். எனவே பீரங்கியுள்ள மாதிரி அந்த ஓர் இரவுக்கே சரி. ஜூலை மாதத்துப் படகென்று சொன்னால் தவறு. படகு உடைந்தபின், நீந்த முடியாதவர்கள் பற்றிக்கொண்டு கரைசேர்ந்தது அந்தப் பீரங்கிக்கு அடியில் இருந்த கட்டையைத்தான். மிதவை இல்லாததும் கட்டை இருந்ததும் தளத்திலேயே தெரிந்தால், மாதிரியைப் பார்ப்பவருக்குப் பிறகு நடந்ததும் விளங்கும்.

இதே பழக்கம் தடம் புரளும் இடமும் உண்டு. எது அளக்கக் கிடைக்கிறதோ அதையே முக்கியமென்று எண்ணிக்கொள்வதுதான் அதன் குறை. சாம்பல் நிறத்தின் சாயல் குறித்து மணிக்கணக்கில் வாதிடுவார்கள். அந்தக் காலப் புகைப்படங்களில் பல கறுப்பு வெள்ளை. உப்புக்காற்றும் வெயிலும் சில வாரங்களிலேயே சாயத்தை மாற்றிவிடும். இந்த நிலையில் ஒரே ஒரு வண்ணக் குப்பியைச் சரியென்று தீர்மானிப்பது, சான்று தாங்கக்கூடியதைவிட அதிகமாகச் சொல்வதாகும். கைப்பிடிக் கம்பியும் அப்படித்தான். ஒரு சென்டிமீட்டர் பருமனுள்ள கம்பி, ஒன்றுக்கு முந்நூற்றைம்பது அளவில் 0.03 மில்லிமீட்டருக்கும் குறைவாக வரும். பிளாஸ்டிக்கில் அதை வார்க்க முடியாது. அங்கே பருமனாக விடுவதோ, விட்டுவிடுவதோ குற்றமில்லை. அதற்காக ஒரு தொடக்கக்காரரின் மாதிரியை நிராகரிப்பவர், பெட்டிக்கூடா உருளைக்கூடா என்று பார்க்காமல் விட்டிருந்தால் அவருடைய கண்டிப்புக்கு மதிப்பில்லை.

பொழுதுபோக்குக்குச் செய்வதில் இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்கலாம். கற்பனைப் படகு செய்வோரை இந்தக் கேள்வி தொடவே தொடாது. அவர்கள் விருப்பம்போல் செய்யலாம். ஆனால் பெயரும் எண்ணும் எழுதிய கணத்தில், அந்தப் படகில் போனவர்களைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லத் தொடங்கிவிடுகிறோம். நிர்காத் ஏவிய இரண்டு ஏவுகணைகளால் கைபர் என்ற பாகிஸ்தான் நாசகாரி மூழ்கியது. அந்தச் செய்தியில் கைவைக்க யாருக்கும் உரிமையில்லை. இன்னொரு மறுப்பு வலுவானது: சிற்றூரில் இருப்பவருக்கு வரைபடமும் ஆவணமும் எங்கே கிடைக்கும்? கிடைப்பது அரிதுதான். ஆனால் நேரில் போய்ப் பார்த்துவிட்டால் போதும் என்றும் இல்லை. கர்நாடகத்தின் கார்வார் கடற்கரையில் சபல் என்ற ஏவுகணைப் படகு அருங்காட்சியகமாக நிற்கிறது. அதை 1971 போரில் பங்கேற்ற படகு என்றே எழுதுகிறவர்கள் உண்டு. அது கடற்படையில் சேர்ந்தது 1976-ல். அதன் தளத்தில் இருப்பவை உருளைக் கூடுகள். அதை அளந்து வந்து நிபாத் செய்பவர், கண்ணால் கண்டும் தவறிழைப்பார். ஊரிலேயே உட்கார்ந்து, நாள் தெரிந்த ஒரே ஒரு பழைய புகைப்படத்தை ஊன்றிப் பார்ப்பவர் அவரைவிடச் சரியாகச் செய்துவிட முடியும்.

ஆகவே மாதிரி செய்வோருக்கு ஒரு வேண்டுகோள். பசையைத் திறக்கும் முன் எந்தப் படகு, எந்த நாள் என்று முடிவு செய்யுங்கள். அந்த நாளைப் பீடத்தில் பெயருக்குப் பக்கத்தில் எழுதுங்கள். சான்று கிடைக்காமல் ஊகித்துச் செய்த பாகம் எது என்பதையும் அதன் கீழே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.